ரோஸ்லினின் ஜாக்கெட் துணி

மரிய அருணிடம் கலர் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் லேசில் விடமாட்டான். திண்டிவனத்தில் கல்யாண ஆல்பம் செய்கிறவன். ஸ்கிரீனின் நிறத்தை அளக்கவே ஒரு கருவி வைத்திருக்கிறான். யாராவது கலர் மாறிவிட்டது என்றால் பாடம் தொடங்கிவிடும்.

"கலரை ரெண்டு விதமா காட்டலாங்க. படத்துல எது வெளுப்போ அதையே சுத்த வெள்ளைன்னு வெச்சுக்கினு, மத்ததை அதுக்கேத்தாப்ல நகத்துறது ஒண்ணு. கண்ணுக்கு அதான் அழகு. இருக்கிற மஞ்சளை மஞ்சளாவே வுட்டுடறது இன்னொண்ணு. நெஜப் பொருளைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னா அதான் சரி."

சொல்வதென்னவோ சரிதான். ஆனால் ஊருக்குத்தானே உபதேசம்.

தங்கை ரோஸ்லினுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை அந்தோணி பிரபுவுக்கு விழுப்புரம். மாதா கோயிலில் கட்டும் புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து கல்யாணத்தன்று காலையில்தான் வரும். ஜாக்கெட்டை முன்பே தைத்தாக வேண்டும். பிரபு புடவையைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

"அந்தப் புடவையிலருந்து ஒரு நூலாவது வாங்கிக்கினு வாண்ணா. வெள்ளையிலயே எத்தினி வெள்ளை இருக்குது," என்றாள் ரோஸ்லின்.

"என் ஸ்கிரீனை விடவா நூலு?" என்று சிரித்தான் அருண்.

ஸ்கிரீன் எப்போதும்போல அழகு காட்டும் முறையில் இருந்தது. அதை மாற்ற அவனுக்குத் தோன்றவில்லை. புடவை அதில் சுத்த வெள்ளையாகத் தெரிந்தது. பளீரென்ற வெள்ளைத் துணியை அதன் பக்கத்தில் பிடித்தான், அச்சாகப் பொருந்தியது. தைக்கக் கொடுத்துவிட்டான்.

கல்யாணத்தன்று வந்த புடவை இளம் சந்தன நிறம். தனியாகப் பார்த்தால் அத்தனை அழகு. ரோஸ்லின் கட்டி நின்றதும், அந்த ஜாக்கெட்டின் வெள்ளைக்குப் பக்கத்தில் பரணிலிருந்து இறக்கியதுபோலப் பழுப்பாகத் தெரிந்தது. வேறு ஜாக்கெட்டுக்கு நேரமில்லை.

"பழசைக் குடுத்துட்டாங்க போலருக்குது," என்று கோயிலில் யாரோ குசுகுசுத்தது மாப்பிள்ளையின் அம்மா சூசை மேரி காதில் விழுந்தது. கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் புடவையை எடுத்தவர் அவர். பூசை முடிந்ததும் அருணிடம் வந்தார்.

"நான்தான் மங்கலா எடுத்துட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க." கண் கலங்கியிருந்தது.

அருணுக்கு உடம்பே கூசியது. தப்பு என்னுது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவ்வளவு பேர் முன்னால் கலர் தெரிந்தவன் என்ற பெயர் போய்விடுமே! "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்று முனகிவிட்டு, கேமராக்காரரைத் தேடுபவன்போல நகர்ந்தான். பாவி.

ஆல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் ஜாக்கெட்டை மட்டும் சந்தன நிறமாக்கினான். விழுப்புரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது மருமகளும் மாமியாருமாகப் புரட்டினார்கள். சூசை மேரி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"எவ்ளோ பொருத்தமா இருக்குது! இதையா பழசுன்னு வேதனைப்பட்டேன்? என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல."

ரோஸ்லின் அண்ணனைப் பார்த்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது அத்தை," என்றான் அருண். தலை நிமிரவில்லை. "புடவையும் நல்ல புடவைதான். அந்த ஜாக்கெட்டுத் துணி நான் எடுத்தது."