பெல் அடித்தே வளர்த்த தொப்பை

கிளார்க் வேலையில் சம்பளம் என்பது வலது கைக்கும் கழுத்துக்கு மேலே உள்ளதற்கும்தான். மிச்ச உடம்பு சும்மா துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். நாற்காலியில் கிடந்து தேய்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் செக்‌ஷனில், அந்த மிச்ச உடம்பை அசைக்கப் பார்த்து நான் பட்ட பாடு இது.

உள்ளே துணி இல்லை

வேலையில் சேர்ந்தபோது ஒல்லியாகத்தான் இருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் என்னைக் காற்றடிக்கும் நாளில் வெளியே விடாதே என்று அம்மாவிடம் கேலி பேசியவர்கள் உண்டு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் சங்கு ஊதும்போதுதான் எழுந்திருப்பேன். நடுவில் டீ வரும், வடை வரும், அதுவும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். நான் வளர்ந்தேன். உயரமாக அல்ல.

பேண்ட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்த அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு டெய்லர், ஒருநாள் இடுப்புப் பட்டியை உள்பக்கமாகத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டினார். "தம்பி, இனிமே பிரிக்கிறதுக்கு உள்ள துணி இல்ல. நீதான் உள்ள போவணும்" என்றார்.

பீரோவுக்குப் பின்னால்

மறுநாளே தோப்புக்கரணம் போடுவது என்று முடிவு செய்தேன். பிள்ளையாருக்கும் ஆகும், தொப்பையும் குறையும். அந்தப் பிள்ளையாருக்கே குறையவில்லையே என்பது அப்போது தோன்றவில்லை. எங்கள் செக்‌ஷனில் தோள் உயரத்துக்கு ஒரு இரும்பு பீரோ உண்டு. அதன் மறைவில் நின்று, காதைப் பிடித்தால் ஆபீசுக்கு அழகில்லை என்று கையை மட்டும் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பீரோவுக்கு மேலே என் தலை தெரிவதும் மறைவதுமாக இருந்ததை டைப்பிஸ்ட் மேரி அக்கா பார்த்துவிட்டார். "என்னடா தேடுற?" என்று கேட்டார். எனக்குச் சத்தமாகவும் பேச வராது, சட்டென்று பொய்யும் வராது. "பேனா மூடி" என்று முனகினேன். அவ்வளவுதான். அக்கா மேஜைக்கு அடியில் புகுந்தார். ஸ்டோர்ஸிலிருந்து பில்லோடு வந்தவர் பில்லை வைத்துவிட்டு மண்டியிட்டார். அன்றைக்கு செக்‌ஷன் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது. தேடச் சொன்ன பாவத்துக்கு நான் மட்டும் நடுவில் நின்று வழிகாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்கா யாருடைய மூடியையோ கண்டுபிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே என் கையில் வைத்தார். "இந்தா. இனிமேலாவது ஒரு இடத்துல ஒழுங்கா உக்காரு."

ஸ்டூலில் ஒருவர்

சரி, ஒளிந்து செய்தால்தானே வம்பு? நடப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? ஸ்டோர்ஸ் இருப்பது காம்பவுண்டின் அந்தக் கோடியில். டெஸ்பாட்ச் இருப்பது கேட்டுக்குப் பக்கத்தில். என் ஃபைலை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிறகு அக்காவின் ஃபைலையும் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கக்கூட கேன்டீன் வரைக்கும் போனேன். பெல்ட்டில் ஒரு ஓட்டை குறைந்தது. எனக்குத் தாங்க முடியாத பெருமை.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர் ஏகாம்பரத்தை நான் யோசிக்கவே இல்லை. வானகரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். பல வருஷமாக டெம்பரரி. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பாவுக்கு வேலை பர்மனென்ட்டா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தார்கள். இந்த வருஷம் கண்டிப்பாகப் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று காத்திருந்தார்.

ஒருநாள் ஃபைல் கட்டோடு நான் அவரைத் தாண்டும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இன்னா சார், எம்மேல இன்னா கோவம் ஒனக்கு? நீ பாட்டுக்கு நடந்துகினே கீற, நான் பாட்டுக்குக் குந்திகினே கீறேன். பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

பாராட்டு

பார்க்கிறவர் நினைத்தும் விட்டார். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை, என்னைச் சொன்னார். உட்காராமல் இருப்பதற்காகக் கிடைத்த மரியாதை.

"உன் வயசுப் பசங்க நகரவே மாட்டாங்க. நீ பரவாயில்ல" என்றார். நான் நெளிந்தேன். அடுத்ததாக ஏகாம்பரத்தின் பேப்பரை எடுத்தார். "அட்டெண்டர் இல்லாமலேயே உங்க செக்‌ஷன்ல எல்லாம் நடக்குதே. இவரை எதுக்குப் பர்மனென்ட் பண்ணணும்?" என்று என்னையே கேட்டார்.

குறைந்த தொப்பை முழுவதும் அந்த நிமிஷம் திரும்பி வந்து வயிற்றில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "இல்ல சார், அவர் இல்லன்னா முடியாது" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேனேஜர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஸ்டூலையும் எடுத்துட்டா போக வர இடம் தாராளமா இருக்கும்."

பெல்

மேரி அக்காவிடம் சொன்னேன். அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். "தப்பு உன் கால் பண்ணினது. அதைக் கட்டிப்போடு" என்று மேஜை மணியை என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்ததுபோல் அந்த எஸ்டேட்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தண்ணீருக்குப் பெல். ஃபைலுக்குப் பெல். பென்சில் கீழே விழுந்தால் பெல். ஏகாம்பரத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதால் அவரும் விடவில்லை. ஒரே கட்டாகக் கொண்டுபோக வேண்டியதை ஒவ்வொரு தாளாகக் கொண்டுபோனார். மேனேஜர் எந்த மூலையில் திரும்பினாலும் எதிரே கையில் தாளோடு வந்தார். ஆர்டரில் கையெழுத்து விழும்வரை இந்தக் கூத்து நடந்தது. ஏகாம்பரத்தின் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. என் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்து டைப் மெஷினுக்குள் விழுந்தது. அதை எடுக்கவும் பெல்தான்.

வந்து குனிந்து தேடிக்கொண்டே ஏகாம்பரம் சொன்னார்: "எங்க ஊட்டுல கேக்குறா சார், அப்பிடி இன்னாதான் வேல வாங்குறான் அந்தக் குண்டுப் பையன்னு."

ஆர்டர்

ஒருநாள் மத்தியானம் ஆர்டர் வந்தது. ஏகாம்பரம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு லட்டுப் பெட்டியோடு செக்‌ஷன் முழுக்க வந்தார். மேரி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் இரண்டு லட்டு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம், இந்தத் தடவை மாப்பிள்ளையின் அம்மாவும் வருகிறாராம். சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

லட்டுக்குப் பிறகு தண்ணீர் தவித்தது. பழக்கதோஷத்தில் பெல் அடித்தேன். வரவில்லை. இன்னொரு முறை அடித்தேன். ஏகாம்பரம் ஸ்டூலைச் சுவரோடு நகர்த்திச் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஆர்டர் கைக்கு வந்துட்ச்சு சார். இனிமே நீ எவ்ளோ வேணா நட, நான் கொஞ்சம் குந்திக்கறேன்."

ஆகவே, நாற்காலியில் தேயும் நண்பர்களே, ஆபீசில் எழுந்து நடப்பது உடம்புக்கு மிகவும் நல்லது, ஆனால் அதற்கு முன்னால் வாசலில் இருப்பவர் பர்மனென்ட் ஆகிவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.