என்ர சிவப்புக் கெண்டை

மில்லிக்கன் மீன்கடையில் குடல் வாளிக்குப் பக்கத்தில் நின்றபோது அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. உடனே எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். மே மாதம் பிறந்ததும் எங்கள் யப்பானிய ரீச்சர் கடதாசியில் கெண்டை மீன் செய்யவைத்தா. ஆற்றை எதிர்த்து நீந்துகிற மீனாம். பிள்ளைகளும் அப்படித் துணிவாய் வளரவேண்டுமென்று அவவின் ஊரில் வீட்டுக்கு வெளியே கொடிபோலப் பறக்கவிடுவார்களாம். முந்தி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், இப்போது எல்லாருக்கும். மூன்று நாள் இருந்து சிவப்புச் செதில்களை ஒவ்வொன்றாய்த் தீட்டினேன். தம்பியும் தன் வகுப்பில் கறுப்பில் ஒன்று செய்தான். ரீச்சர் சொன்னதை அப்பாவிடம் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன்.

அப்பா தம்பியின் மீனைப் பல்கனியில் கட்டினார். என்னுடையதைக் குசினியில் விரித்து, அதன்மேல் வைத்து விளைமீன் வெட்டினார்.

“அப்பா, உது என்ர மீன்!”

“உது பெடியளுக்குப் பறக்கவிடுறதெண்டு நீதானே சொன்னனீ?”

“இப்ப எல்லாருக்கும் எண்டும் சொன்னனான்.”

அம்மா சிரித்தா. அப்பா குடலை அதிலேயே சுருட்டி, குப்பையில் போடச்சொல்லி என் கையில் தந்தார். இரத்தமும் சாயமும் கலந்து விரல்களில் கொழகொழவென்று வடிந்தது. போட்டுவிட்டு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

பிறகு அந்த மீன்குழம்பைச் சாப்பிட்டேன்.

“நல்லாயிருக்கோ?” என்று அப்பா கேட்டார்.

“ஓம் அப்பா” என்றேன்.

“அக்கா, வெட்டித் தரவோ?” என்றார் கடைக்காரர். வேண்டாமென்று வெளியே வந்துவிட்டேன். அப்பா இப்போது இல்லை, அவரில் கோபமும் இல்லை. நான் சொன்ன அந்த “ஓம் அப்பா”வை நினைக்கத்தான் இன்றைக்கும் அருவருக்கிறது.