ஆடியில் எடுத்த வண்டி

மழை நாளில் பேரம் நன்றாக நடக்கும். மீன்காரரானாலும் சரி, புடவைக் கடைக்காரரானாலும் சரி, வாசலில் தண்ணீர் நிற்கிற அன்றைக்குக் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அதிலும் ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளிகள் அதைக் கர்க்கடகம் என்பார்கள், தமிழர்களாகிய நாங்கள் ஆடி என்போம். பெயர்தான் வேறு, மாதமும் ஒன்று, பயமும் ஒன்று. அந்த மாதத்தில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை. ஷோரூம்களில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆவணி முதல் நாள், அதாவது அவர்களுடைய சிங்ஙம் ஒன்றாம் தேதி, அதே ஷோரூமில் நிற்க இடம் கிடைக்காது.

ஆகவே விவரமானவர்கள் இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆடியில் போய் அடித்துப் பேசி, முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட வேண்டியது. ஆவணி பிறந்ததும் போய் மாலை போட்டு வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியது. விலைக்கு விலையும் ஆயிற்று, நல்ல மாதமும் ஆயிற்று. நானும் விவரமானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இட்லி மாவு வியாபாரம். அரைப்பது நான், கொண்டுபோய்க் கொடுப்பது என் வீட்டுக்காரர். சுள்ளிக்கல், பள்ளுருத்திக் கடைகளுக்கும் வெலிங்டன் தீவில் இரண்டு கேண்டீன்களுக்கும் போகும். நான் சொல்ல வந்த பேரத்துக்கு முந்தைய வருஷம் ஆடியில் தீவுக்குப் போகிற வழியில் மழைத் தண்ணீர் நிரம்பிய ஒரு குழியில் அவருடைய ஸ்கூட்டர் இறங்கிவிட்டது. இடது காலில் முறிவு, உள்ளே பிளேட் வைத்தார்கள். ரோட்டில் கிடந்தபடியே எனக்குப் போன் பண்ணி அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை, “மாவு அத்தனையும் போச்சு” என்பதுதான். ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள், “ஆடி மாசம் பாருங்க, அதான்” என்று ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “குழிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமா?” என்று கேட்டு அத்தனை பேர் வாயையும் அடைத்தேன்.

அந்தப் பழைய வண்டி அதோடு சரி. பிறகு ஒரு வருஷம் மாவு ஆட்டோவில் போயிற்று. லாபத்தில் பாதி ஆட்டோவுக்கே போயிற்று. கால் நன்றாகிவிட்டது, புது வண்டி வாங்கலாம் என்று அவர்தான் சொன்னார். பேரம் பேச மட்டும் அவருக்கு வராது. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, அவ்வளவுதானா என்பது மாதிரி தலையாட்டுகிற ஜாதி. அதனால் நானும் கூடப் போனேன்.

ஷோரூமில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு பெண் ஓடி வந்து எங்கள் குடையை வாங்கி வைத்தாள். சின்னப் பெண், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தன் மலையாளத்தில் பாதியைத் தமிழாக்கிப் பேசினாள். நான் அவளிடம் விலை கேட்டுத் திரும்புவதற்குள் இவர் ஒரு கறுப்பு வண்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இடது பாதத்தைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். முழுப் பாதமும் ஊன்றியது. முகமெல்லாம் சிரிப்பு. பிடித்திருக்கிறது என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்ட பிறகு நான் எங்கே பேரம் பேசுவது?

“கொஞ்சம் கீழ இறங்குங்க” என்றேன். இறங்கவில்லை.

பெண் விலையைச் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்காதது மாதிரி மழையைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று போட்டிருந்தாள். “வண்டியத் தொட்டதுக்குக் காசா?” என்றேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் போய்க் கேட்டு வந்து அதை எடுத்தாள். சீட் கவர் கேட்டேன், மறுபடி உள்ளே போனாள், அதுவும் கிடைத்தது. இன்னும் குறை என்றேன்.

“சேச்சி, கர்க்கடக ஆஃபர் முழுசும் தந்து கழிஞ்ஞு. இனி ஒண்ணும் இல்ல.”

“இல்லேன்னா அப்பறம் பாக்கலாம், மோளே” என்று நான் குடையை எடுத்தேன். பேரத்தில் குடையை எடுப்பது கடைசி ஆயுதம். அவள் பதறிப்போய், மேனேஜரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் இந்தத் தடவை கண்ணாடி அறைக்குள் போகவில்லை. வழியில் இருந்த தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றாள். தண்ணீரும் குடிக்கவில்லை. சற்று நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“மேனேஜர் சம்மதிச்சு சேச்சி. இன்னும் ஓராயிரம் குறைக்கலாம்.”

ஜெயித்த சந்தோஷத்தில் நான் அந்தத் தண்ணீர் கேனை யோசிக்கவில்லை. “சரி, பில் போடு. முன்பணம் இப்பத் தரேன். வண்டிய ஆவணி ஒண்ணாந்தேதி வந்து எடுத்துக்கறோம்” என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. “சிங்ஙத்திலயா?”

“பின்ன? ஆடியில யாராவது எடுப்பாங்களா?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மோளே என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். முன்பணம் கட்டினால் அது அவள் கணக்கில் சேராதாம். வண்டி கேட்டுக்கு வெளியே போனால்தான் விற்றதாக அர்த்தம். அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எத்தனை வண்டி விற்றாள் என்று பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். ஜூலை முடிய நாலே நாள் இருந்தது. அந்த மாதம் அவள் கையால் ஒரு வண்டிகூட வெளியே போகவில்லை.

“எல்லாரும் சேச்சியப் போலத்தான். பேசி முடிச்சிட்டு சிங்ஙம்னு சொல்லும். சிங்ஙத்துல நான் இங்க இருப்பேனான்னு அறியாது.”

“இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க சேச்சி.”

அது உண்மைதான். போயிருப்பேன்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வேறு ஒருத்தியாக இருந்தால், ஆடியாவது ஒன்றாவது என்று கையெழுத்துப் போட்டிருப்பாள். நான்தான் ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் வாயை அடைத்த வீராங்கனை. ஆனால் நான் போடவில்லை. போன ஆடியில் அந்தப் போன் வந்தபோது நான் கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாவு போச்சு என்று அவர் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் வெறும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது. எனக்குப் பயம். ஊர் சொன்ன மாதத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், அதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

“இல்ல மோளே, போன ஆடியிலதான் இவருக்குக் கால் போச்சு” என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் திரும்பி அவர் காலைப் பார்த்தாள். “அப்படின்னா வேண்டாம் சேச்சி” என்றாள் உடனே. “சிங்ஙத்தில எடுத்தா போதும்.”

அதுவரை வாயே திறக்காதவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

“நாளன்னிக்குள்ள நம்பர் போட்டு வண்டி கிடைக்குமா, மோளே?”

“உங்களுக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

“நீதானே சொன்னே, குழிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமான்னு.”

“அது அவங்க வாய அடைக்கச் சொன்னது.”

“எனக்கு அது பிடிச்சிருந்துது” என்றார். “ஒரு வருஷமா ஆட்டோவில மாவோட மாவா உக்காந்து போறேன். இனி மெதுவாப் போறேன், குழி பாத்துப் போறேன். போதாதா?”

கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். இந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. 

“சரி” என்றேன் அந்தப் பெண்ணிடம். “ஆனா அந்த ஆயிரத்தக் குறைக்கக் கூடாது.”

“அது மேனேஜர் தந்தது சேச்சி.”

“மேனேஜர் தண்ணி கேனுக்குள்ளயா இருக்கார்?”

அவள் முகம் சிவந்துபோய், அழுகையோடு சிரித்துவிட்டாள். அவளுக்கு வரவேண்டிய கமிஷனிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. பேசி வாங்கிய ஒன்றை நான் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மனசு கேட்காமல், நானே கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரிடம் நின்று எனக்கும் ஒரு ஹெல்மெட் இலவசமாக வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

சொன்னபடி வண்டி கிடைத்தது. அன்றைக்கும் நல்ல மழை. சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தேன், நசுங்கின. வாசல் கேட் வரைக்கும் அந்தப் பெண் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். குடை முழுக்க அவர் தலைக்குமேல் இருந்தது, அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது. “பதுக்கப் போகணே சேட்டா, மெதுவா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் ஆமை வேகத்தில் ஓட்டினார். நான் அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஆடி எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். விடியற்காலையில் அவர் கிளம்பியதும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டதும், அவர் உள்ளே வருவதற்குமுன் அணைத்துவிடுவேன். கிரைண்டர் சத்தத்தில் போன் கேட்காமல் போய்விடுமோ என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டே மாவு அரைத்தேன். அவரோ ஒன்றும் தெரியாமல், “ஆட்டோக் காசு எவ்வளவு மிச்சம் பாத்தியா?” என்பார்.

ஆவணி பிறந்து முதல் சர்வீஸுக்குப் போனோம். ஷோரூமில் கூட்டமென்றால் கூட்டம். பூமாலை, சந்தனம், குடும்பம் குடும்பமாகப் போட்டோ. அந்தப் பெண் வேலையில்தான் இருந்தாள். யாருடைய வண்டிக்கோ மாலை போட்டுக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் மாலையை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. நேராக அவருடைய இடது காலைத்தான் பார்த்தாள்.

“சேட்டனுக்கு ஒண்ணும் ஆகலல்லோ?”

“எனக்கென்ன, நல்லா இருக்கேனே” என்றார் இவர்.

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களுக்குக் கர்க்கடகம் பாக்குற வழக்கமொண்ணும் இல்ல சேச்சி. ஆனா நீங்க காலு விஷயம் சொன்னீங்கல்லோ. எனக்குப் பயமாயிருச்சு. கர்க்கடகம் தீருற வர எல்லா நாளும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தினேன்.”

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார், இந்தப் பெண்ணைப் பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே அவளிடம் சொன்னேன்.

“நானும்தான் மோளே, தெனமும் வெளக்கேத்தினேன்.”