முக்கால் லிட்டர்

என் அக்காள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டியவர். நான் மாமா என்பேன், தெருவுக்கு அவர் 'தண்ணிலாரி'. பன்னிரண்டாயிரம் லிட்டர் என்றால் அறுபது டிரம், எண்ணூறு குடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தொட்டியின் நீள அகல ஆழத்தை ஆட்கள் அடிக்கணக்கில் சொல்லி வாய் மூடுவதற்குள், "கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். உங்க தொட்டி மூவாயிரத்து முன்னூறுதான் தாங்கும், மேல ஊத்தினா மாடிதான் குளிக்கும்" என்பார். "உன் வாய் எத்தனை லிட்டர்னு மட்டும் இன்னும் பிடிபடல" என்று என்னைச் சீண்டாத நாள் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் கெட்டது. நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது, மீறினால் நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டும் என்றார் டாக்டர். காபி, பால், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். எங்கள் வீட்டில் யார் மில்லியில் குடித்தார்கள்? டம்ளரில்தான் குடித்தோம்.

அக்காள் இருமல் மருந்துப் புட்டியின் மூடியை எடுத்தாள். பதினைந்து மில்லி என்று அதில் போட்டிருந்தது. பத்து மூடி ஊற்றினாள், டம்ளர் நிறைந்தது. ஆக டம்ளருக்கு நூற்றைம்பது, நாளைக்கு ஐந்து டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டு தரமாட்டாள். மாமா கெஞ்சுவார், திட்டுவார், உதட்டை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அவர் கால் வீங்கிற்று, முகம் வீங்கிற்று. ஒருநாள் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா" என்றாள் நர்ஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, பழமொழி ஒண்ணுதான் குறைச்சல்! சொட்டு சொட்டா அளந்து குடுத்திருக்கா எங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மூடியையும் டம்ளரையும் கொண்டுவந்து நர்ஸ் முன்னால் வைத்தேன்.

நர்ஸ் ஊசிக்குழாயால் அளந்தாள். பதினைந்து மில்லிக்கான கோடு மூடியின் விளிம்புக்குக் கீழே, உள்பக்கம் மங்கலாக இருந்தது. விளிம்பு வரை ஊற்றினால் இருபது. டம்ளர் இருநூறு. ஐந்து டம்ளர் என்றால் முழு லிட்டர்.

"ஐயோ, பாவி நான், என் கையாலேயே குடுத்தேனே!" என்று அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நிறுத்துடி. அது இருநூறுன்னு முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லவேண்டியதுதானே!"

"சொன்னா குறைச்சிருவியே. தாகம்டி."

அக்காள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். உயிரை வைத்தா விளையாடுவது? ஆனால் அந்தத் தாகத்தை நான் ஒருநாள் தாங்குவேனா என்று யோசித்தபோது என் கோபம் நிற்கவில்லை. வீடு திரும்பியதிலிருந்து அக்காள் கோடு போட்ட குவளையில் அளந்தாள். அவரும் எதிர்த்துப் பேசாமல் குடித்தார்.

சில மாதம் ஓடிற்று. பிறகு இதயமும் தளர்ந்து, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, "இனிமே அளக்க வேண்டாம்மா. என்ன கேக்கறாரோ குடுங்க" என்றார். அக்காள் தலையை ஆட்டினாள்.

உள்ளே போய், டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். மாமா டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அளக்கலையா?"

"டாக்டர் வேணாம்னுட்டாருங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தலையைத் தாங்கிப் பிடிக்க, இரண்டு மடக்கு குடித்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

"மீதியை நீ குடி."

"எனக்கு எதுக்குங்க?"

"எனக்கு வியாதி வந்ததுலேர்ந்து என் கண்ணு முன்னால நீ ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பாக்கல. குடி, நான் பாக்கறேன்."

அக்காள் அழுதுகொண்டே குடித்தாள். டம்ளர் காலியாகும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.