டிங்கர் மாமாவின் பித்தப்பை

பெயின்டருக்குத் தன் அக்காள் புருஷன் மேல் பல வருஷக் கடுப்பு. ஒரே கார்ப் பட்டறையில் சேர்ந்து குப்பை கொட்டியும், வண்டிக்காரர்கள் முன்னால் அவனைப் "பூச்சுக்காரன்" என்றுதான் சொல்வார் மாமா. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவதுதான் வேலை, அதற்கு மேல் நடப்பதெல்லாம் பவுடர் அடிப்பது என்பது அவர் கட்சி. டிங்கர் வேலைச் சுத்தியல்களை அவன் தொடக்கூட விடமாட்டார்.

அந்த மனிதர் ஒருநாள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் பார்த்த டாக்டர், பித்தப்பைச் சுவர் கன்னாபின்னாவென்று தடித்துக் கல்லீரலோடு ஒட்டியிருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம், எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்றார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த 'இருக்கலாம்' உதிர்ந்துபோயிற்று. அக்காள் அழுதாள். மாமா அழவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே சுத்தியல்களைப் பெட்டியோடு எதிர்ப்பட்டறைக்காரனுக்கு விற்றுவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாமா?"

"நீ வாங்கி என்னடா பண்ணப் போற? பெயின்ட் டப்பா மூடி திறப்பியா?"

பெயின்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து, சோதனை முடிவு கேட்கப் போன அன்று அக்காள் வர மறுத்துவிட்டாள். காதால் கேட்கத் தெம்பில்லையாம்.

"புற்றுநோய் இல்லைங்க" என்றார் டாக்டர். "கல்லு இருந்து இருந்து வந்த பழைய வீக்கம். சுவருக்குள்ள மஞ்சளா, கட்டிகட்டியா சேர்ந்து தடிச்சிருக்கு. அபூர்வமாத்தான் வரும். ஸ்கேன்லயும் சரி, திறந்து பாத்தாலும் சரி, புற்றுநோய் மாதிரியே இருக்கும். அதனாலதான் கல்லீரல்லயும் கொஞ்சம் சேர்த்து எடுத்தோம்."

"அப்ப நான் சாகமாட்டேனா?"

"இதால சாகமாட்டீங்க."

"சரி" என்றார் மாமா. வெளியே மழை என்று சொல்லியிருந்தாலும் அதே 'சரி'தான் வந்திருக்கும்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எதிரே யாரோ தரையைத் துடைத்துக்கொண்டே போனார்கள். மாமா காலைத் தூக்கி வழிவிட்டார். தூக்கிய காலை இறக்க மறந்துபோனார்.

"பொழைச்சிட்டீங்க மாமா. கொஞ்சமாவது சிரிங்க."

"பல்லு புடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்குடா மொத்த உடம்பும். போறதுக்குத் தயாராயிட்டேன். இப்போ எங்க திரும்புறதுன்னு தெரியல."

"பெட்டியத் திருப்பி வாங்கிடலாம்."

பெயின்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காள்தான். நீட்டினான். மாமா கை நீட்டவில்லை.

"நான் சொன்னா குரலைக் கேட்டே பொய்னு நினைச்சுருவா. நீ வீட்டுக்குப் போ மாப்ள. நேர்ல நின்னு, அவளுக்குச் சந்தோஷமா சொல்லு."