மூன்று எண்கள் கேட்ட அலாரம்

மெரேத்தெயும் நானும் ஒரே நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர்கள். விவாகரத்துக்குப் பிறகு அவள் ஸ்கேர்ன் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஓர் ஒற்றை வீட்டில் தனியாக இருந்தாள். வாசலில் கேமரா, கதவுகளில் அலாரம், எல்லாம் வயர் இல்லாதவை.

நவம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து போனவள், பின்கதவு பெயர்ந்து கிடப்பதைக் கண்டாள். வெள்ளிக் கரண்டிகளைக் காணோம். உள்ளாடை டிராயரைக்கூடக் கொட்டிக் கிளறியிருந்தார்கள். அலாரம் கத்தவில்லை. கேமராவில் பதினேழு நிமிடத்துக்கு ஒன்றுமே பதிவாகவில்லை.

கோபன்ஹேகனில் இருக்கும் தம்பி ஸ்டீன் போனில் சிரித்தான். "ஆன் பண்ண மறந்திருப்ப அக்கா. வயசாகுதில்ல?"

"பண்ணினேன்டா. ரெண்டு தடவ பாத்தேன்."

அவன் நம்பவில்லை. போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் கதவைப் பூட்டியதும், பூட்டிவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

கடைசியில் ஆன்கர் என்ற அலாரம் மெக்கானிக் வந்து கருவிகளைச் சோதித்தான். "உங்க மேல தப்பு இல்லங்க. எல்லாம் ஒரே செகண்டுல செத்திருக்கு. பேட்டரி அப்படிச் சாகாது. சிக்னல அமுக்குற பெட்டி ஒண்ணு கொண்டு வந்திருக்கானுங்க."

மெரேத்தெ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அவன் இரண்டு நாள் சுவரைத் துளைத்து, கதவுகளுக்கெல்லாம் வயர் இழுத்தான். வாசல் கேமராவை மட்டும் அப்படியே விட்டான். அதன் சிக்னல் அறுந்தால் சைரன் தானாக அலறும்படி வைத்தான். பிறகு கேட்டான், "உங்களுக்குப் போன் வரும். அது போக இன்னும் மூணு நம்பர் வேணும்."

ஸ்டீன் எண்ணைச் சொன்னாள். அதற்குமேல் வரவில்லை.

"பக்கத்துல யாருமில்லையா?"

"எய்வின்னு ஒருத்தரு, பன்னி வளக்கிறாரு. பேசிப் பத்து வருஷமாச்சு."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. பேசல, அவ்வளவுதான்."

மறுநாள் வயலைத் தாண்டிப் போய் எய்வின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் எண்ணைக் கொடுத்தார். "ஆனா நான் போலீஸ் இல்ல, பாத்துக்கங்க."

மூன்றாவது எண்ணுக்கு என்னிடம் வந்தாள். "உன் நம்பரப் போட்டுக்கவா?" என்று அவள் கேட்டபோதுதான், அந்த வீட்டுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது உறைத்தது.

மார்ச்சில் ஒரு மதியம் நூலகத்தில் எங்கள் இரண்டு போன்களும் ஒன்றாக அடித்தன. என் காரில் போனோம். முற்றத்தில் டிராக்டரோடு எய்வின் நின்றிருந்தார். சைரன் கேட்டு அவர் வருவதற்குள் ஒரு சாம்பல் நிற வேன் ஓடிவிட்டதாம். கதவில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

"அது கத்தின கத்துல என் பன்னியெல்லாம் மிரண்டுபோச்சு," என்றார்.

"உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்," என்றாள் மெரேத்தெ.

அவர் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தார். "இன்னொரு நாள்," என்று டிராக்டரில் ஏறிவிட்டார்.

நான் மட்டும் உள்ளே போனேன். காப்பி கொடுத்தாள். நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அது தீர்ந்ததும் இருவருக்கும் பேச எதுவும் அகப்படவில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பினேன். "பாத்துப் போ," என்றாள். சாலை திரும்பும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை.