ஊருக்கெல்லாம் கேட்ட குரல்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அங்கே தைத்துக்கொண்டிருந்த அம்மாவைத்தான் மணந்தார். வேலை முடிந்து வந்து மோர்ஸ் தந்திக் குறியீடு பழகி, தேர்வெழுதி, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கினார். ரேடியோ செட்டைத் தானே கட்டினார். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் செம்புக் கம்பியைச் சரிவாக இழுத்துக் கட்டியதுதான் அவருடைய ஆன்டெனா. "துணி காயப் போடற எடமெல்லாம் கம்பி இழுத்துட்டா நான் எங்க போறது?" என்று அம்மா சண்டை போட்டதும் உண்டு, குழாயைத் தூக்கிப் பிடித்ததும் உண்டு.

ரேடியோவில் பேசும்போது எதிர்முனைக்காரரின் குரல் எப்படிக் கேட்கிறது என்று அவரிடமே சொல்வது ரேடியோ நண்பர்களின் வழக்கம். அதில் அப்பா மகா கறார். "நல்லா கேக்குதுன்னு பொய் சொன்னா அவன் ஆன்டெனாவ சரி பண்ணவே மாட்டான். அது துரோகம்" என்பார். இப்படிச் சொன்ன மனிதர்தான் எங்களிடம் என்ன செய்தார் பாருங்கள்.

ஓய்வு பெற்று வீட்டிலிருந்த கடைசி வருடம் திடீரென்று குழாயைப் பாதியாக அறுத்து ஆன்டெனாவைத் தாழ்த்தினார். கேட்டதற்கு, "கிட்ட இருக்கற ஊருக்கு இதான் நல்லா எடுக்கும்" என்றார். அது உண்மைதான். உயரமாக ஏணி வைத்து ஏற உடம்பில் தெம்பில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. வயிற்று வலிக்கு அல்சர் என்றார். வேலூர் மருத்துவமனைக்குத் தனியாகப் போய் வந்தார். அம்மா காரத்தைக் குறைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் மயங்கி விழுந்தார். அதன்பின் எழவில்லை. காரியத்துக்கு வந்த திருப்பத்தூர் ரேடியோ நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஈரல்ல கட்டின்னு போன தீபாவளிக்கே சொல்லிட்டாரும்மா. வைத்தியம் பாருங்கன்னு நாங்க டெய்லி கெஞ்சினோம். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன் சார்?"

"அவ தாங்க மாட்டான்னாரு."

அம்மா கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, தினமும் காலையில் அப்பா மைக்கைப் பிடித்துத் தன் வலியைச் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலி வரைக்கும் கேட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய அலைவரிசையில் சொன்னதை, கூடவே வாழ்ந்தவளிடம் சொல்லவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஓட எங்களுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்கலாம். இதைப் பாசம் என்று பலரும் சொல்லித் தேற்றினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாந்து போனோம் என்றுதான் தோன்றுகிறது.

துக்கத்தில் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், தெருக்காரர்களுக்கும், அம்மாவுக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரேடியோ நண்பர்களே, தினமும் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி, கோபத்தோடுதான். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதை எழுதச் சொன்னது அம்மா:

"எல்லாரும் ஒரு தடவ வூட்டுக்கு வரட்டும். அவரு இன்னா இன்னா சொன்னாரோ, ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லட்டும். நான் தாங்குவேன்னு எழுது."